படுவான்கரையிலும் அம்பாறையிலும் காட்டுத்தீ: ஆரம்பக் கூட்டத்தில் பேச வேண்டிய விசயம்

கேள்வி இதுதான்: மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் ஆனி பிறந்தால் புரட்டாதி வரை எங்காவது ஒரு பற்றைக்காடு எரிந்துகொண்டே இருக்கிறது. தீயணைப்பு வாகனம் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. இரண்டு மாவட்டத்துக்கும் சேர்த்து உருப்படியாக ஏதாவது செய்ய முடியுமா, செய்வதென்றால் எங்கிருந்து தொடங்குவது?

செய்ய முடியும். ஆனால் தொடங்க வேண்டிய இடம் தீயணைப்பு நிலையமோ வன இலாகாவின் அலுவலகமோ அல்ல. சிறுபோக (கோடைகால நெற்செய்கை) ஆரம்பக் கூட்டம்தான். தண்ணீர் எப்போது திறப்பது, எப்போது விதைப்பது, எந்தத் திகதிக்குள் வட்டையை (வயல்வெளியை) விட்டு மாடுகளை அப்புறப்படுத்துவது என்று முடிவெடுக்கிறோமே, அதே கூட்டம். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் சுற்றித்தான் வரவேண்டும்.

முதலில் காலநிலை. எங்கள் பக்கம் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் நவம்பர் முதல் ஜனவரி வரையான மூன்று மாதத்தில் கொட்டித் தீர்ந்துவிடும். அந்த மழையில் புல்லும் பற்றையும் ஆளுயரத்துக்கு வளரும். பிறகு சித்திரை, வைகாசியில் கச்சான் தொடங்கும். தென்மேற்கிலிருந்து வரும் அந்தக் காற்று தன் ஈரத்தையெல்லாம் மலைநாட்டின் மேற்குச் சரிவில் இறக்கிவைத்துவிட்டு, கிழக்குச் சரிவில் இறங்கி வரும்போது சூடேறி, உலர்ந்து வருகிறது. ஆடியில் 35 பாகைக்கு மேல் வெயில், அதோடு கச்சான். மழைக்காலம் வளர்த்துக் கொடுத்த புல்லைக் கச்சான் காயவைத்துத் தருகிறது. எரிபொருளும் காற்றும் தயார், தீப்பொறி மட்டும்தான் பாக்கி.

இங்கே ஒரு தப்பான நம்பிக்கையையும் சொல்லிவிடுகிறேன். காலையில் ஒரு தூறல் விழுந்தால் அன்று பயமில்லை என்று பலர் நினைக்கிறார்கள். காய்ந்த புல் போன்ற மெல்லிய எரிபொருள் ஒரு மணித்தியாலத்திலேயே ஈரத்தை விட்டுவிடும். காலைத் தூறலை நம்பி மத்தியானம் குப்பை கொளுத்தினால் அது பாதுகாப்பல்ல. விரல் தடிப்புக்கு மேற்பட்ட சுள்ளிகள் ஈரமாக இருக்கலாம், ஆனால் தீயை ஓடவைப்பது சுள்ளியல்ல, புல்.

அந்தத் தீப்பொறி எங்கிருந்து வருகிறது? மின்னல் அல்ல. இலங்கையில் காட்டுத்தீ ஏறக்குறைய எல்லாமே மனிதர் கையால் வருவது, பெரும்பாலும் தெரிந்தே வைப்பது. அதனால் 'தீ வைக்காதீர்கள்' என்று பதாகை கட்டுவதில் பெரிய பலன் இல்லை. வைப்பவருக்கு ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தைத் தீர்க்காமல் பதாகை கட்டினால் அடுத்த வருடம் பதாகையும் சேர்ந்து எரியும்.

காரணங்களில் பெரியவை இரண்டு. ஒன்று வயல்காரருடையது, மற்றது மாடு வளர்க்கும் பட்டிக்காரருடையது.

வயல்காரர் வைக்கோலை எரிக்கிறார். முன்பு கதிரை அறுத்து, கட்டிச் சுமந்து, களத்தில் சூடு வைத்து, அடித்து முடித்தால் வைக்கோல் முழுவதும் ஒரே இடத்தில் போராகக் கிடக்கும். இப்போது வெட்டு மெசின் வயலுக்குள்ளேயே அறுத்து, அடித்து, வைக்கோலைப் பின்னால் வரிவரியாகத் துப்பிக்கொண்டு போகிறது. அதைக் கூட்டி அள்ளக் கூலி கொடுக்க யாருக்கும் கட்டாது. ஒரு தீப்பெட்டியில் வேலை முடிகிறது. பெரும்போக (மாரிக்கால) வைக்கோலை மாசி, பங்குனியில் எரிக்கும்போது பக்கத்துக் காடு இன்னும் பச்சையாக இருக்கும், தீ வரம்போடு நின்றுவிடும். சிறுபோக வைக்கோல்தான் ஆபத்து. அது எரிவது ஆடி, ஆவணியில், கச்சான் உச்சத்தில். அதே நாட்களில்தான் மானாவாரிக்காரரும் பெரும்போக விதைப்புக்காகப் பற்றை வெட்டிக் கொளுத்துகிறார்கள். இரண்டும் ஒரே மாதத்தில் விழுகிறது. உன்னிச்சை, உறுகாமம், நவகிரி, கஞ்சிகுடிச்சாறு, சாகாமம் என்று எந்தக் குளத்து வட்டையை எடுத்தாலும் மேற்கு விளிம்பில் காடோ பற்றையோ தொட்டுக்கொண்டுதான் நிற்கிறது.

பட்டிக்காரர் புல்லை எரிக்கிறார். முற்றிக் காய்ந்த இலுக்கையும் மாணாவையும் மாடு கடிக்காது. கொளுத்திவிட்டால், கொஞ்சம் ஈரம் கண்டதும் இளம் குருத்து வரும். "நெருப்பு வைக்காம புதுப்புல்லு எங்கால வரும் மனே?" என்று ஒரு வயதான பட்டிக்காரர் என்னிடம் கேட்டதற்கு அந்த நேரத்தில் சரியான பதில் என்னிடம் இல்லை. அவர் சொல்வதில் பிழையில்லை. பசுக்களைச் சாகவிட முடியாது.

இப்போது இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வயலில் ஒருவர் வேண்டாம் என்று வைக்கோலை எரிக்கிறார். சில மைல் தள்ளி இன்னொருவர் தீனி இல்லையென்று காட்டுப்புல்லை எரிக்கிறார். இரண்டும் அதே ஆவணி மாதத்தில். இந்த மாகாணத்தில் காட்டுத்தீயைக் குறைக்க ஒரேயொரு வேலைக்குத்தான் காசு இருக்கிறதென்றால், அந்த வைக்கோலை அந்த மாடுகளிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கே நான் செலவழிப்பேன். வைக்கோல் கட்டும் இயந்திரங்கள் இப்போது நாட்டில் ஓடுகின்றன. ஒரு கமக்காரர் அமைப்புக்கு ஒன்று தனியாகக் கட்டாது, நாலைந்து அமைப்பு சேர்ந்தால் கட்டும். வெறும் வைக்கோலில் சத்துக் குறைவு என்பது உண்மை. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூடி இரண்டு மூன்று கிழமை வைத்தால் மாடு விரும்பித் தின்னும், செரிமானமும் கூடும். அளவு கூடினால் நஞ்சு, சிறு கன்றுக்குக் கொடுக்கவே கூடாது. ஆகவே முதல் தடவை கால்நடை வைத்திய அலுவலகத்தில் காட்டிச் செய்விப்பது நல்லது.

வயல்காரருக்கும் இதில் கணக்கு உண்டு. நெற்பயிர் நிலத்திலிருந்து எடுக்கும் பொற்றாசியத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் வைக்கோலில்தான் தங்குகிறது. எரித்தால் வைக்கோலில் இருக்கும் நைதரசன் கிட்டத்தட்ட முழுவதும் புகையாகப் போய்விடும், பொசுபரசில் கால்வாசி, பொற்றாசியத்தில் ஐந்தில் ஒரு பங்கு போகும். மிச்சச் சாம்பலையும் கச்சான் அள்ளிக்கொண்டு போகும். 2021இல் இரசாயன உரத்தைத் தடைசெய்த வருடம் ஒரு மூடை யூரியாவுக்கு அலைந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. முழுவதையும் விற்கவும் வேண்டாம். ஒரு பகுதியை மாட்டுக்கு விட்டு, மிச்சத்தை வயலில் பரப்பி மிதித்து உழுதால் மண்ணுக்குப் போதும்.

பட்டிக்காரர் பக்கம் இன்னொரு முடிச்சு இருக்கிறது. மேய்ச்சல் தரை எவருடையது என்று முடிவாகாத இடத்தில், அந்தத் தரையைப் பாதுகாக்க எவரும் முதல் போடமாட்டார். மட்டக்களப்பின் மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் தொடங்கிய போராட்டம் நில உரிமை பற்றியது, தீ பற்றியதல்ல. ஆனால் தீக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று நினைக்க வேண்டாம். இந்த இடம் பத்து வருடத்துக்கும் நமக்கு உரியது என்று எழுத்தில் இருந்தால்தான் ஒருவர் தீ தாண்டாமல் தீவரி வெட்டுவார், நல்ல புல் நடுவார், கண்ட இடத்தில் கொளுத்துபவனைத் தட்டிக்கேட்பார். அடுத்த வருடம் யார் கையில் இருக்குமோ என்ற நிலத்தில் இந்த வருடத்துக் குருத்தைப் பிடுங்கிக்கொள்வதுதான் புத்தி.

மற்றக் காரணங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தேன் எடுப்பவர் போட்டுவிட்டு வரும் பந்தம். மான் வரட்டும் என்று வேட்டைக்காரர் கொளுத்தும் புல்வெளி. வீதியோரக் குப்பை. காவோலை அகற்றாத பனந்தோப்புகளுக்குள் வீசும் சிகரெட் துண்டு, வாகரைப் பக்கத்தவர்களுக்கு இது தெரியும். பிறகு கதிர்காமப் பாதயாத்திரை. உகந்தையில் காட்டுப்பாதை திறக்கும் நாட்களில் ஆயிரக்கணக்கானோர் குமனை தேசியப் பூங்காவுக்குள்ளால் குமுக்கன், நாவலடி, வியாழை என்று தங்கித் தங்கிச் சமைத்துப் போகிறார்கள், அதுவும் ஆனி ஆடியில். பக்தரைத் தடுக்க யாரும் கேட்கவில்லை. தங்குமிடங்களில் புல் செதுக்கிய சமையல் திட்டுகளை முன்கூட்டியே ஒதுக்கி, அங்கே மட்டும் அடுப்பு மூட்ட வைத்தால் போதும். தண்ணீரும் அன்னதானமும் கொடுக்கும் தொண்டர்களே இதைப் பார்த்துக்கொள்வார்கள்.

இனி ஆரம்பக் கூட்டத்துக்கு வருவோம். அரசாங்க அதிபர் அல்லது பிரதேச செயலாளர், நீர்ப்பாசனம், கமநல சேவை, கமக்காரர் அமைப்புகள், வயல்வெளியைக் கண்காணிக்கும் வட்டவிதானைமார், பட்டிக்காரர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் வேறு கூட்டம் எங்களிடம் இல்லை. அங்கே எடுத்த திகதிக்கு எல்லோரும் கட்டுப்படுகிறார்கள், கட்டுப்படாத கட்டாக்காலி மாட்டைப் பிடித்துக் கட்டவும் வழி இருக்கிறது. அந்தக் கூட்டத்தின் தீர்மானங்களில் இன்னும் சில வரிகள் சேரவேண்டும். வன இலாகா, வனஜீவராசிகள் திணைக்களம், அனர்த்த முகாமைத்துவ நிலையம் மூன்றையும் கூட்டத்துக்கு அழைக்க வேண்டும். காட்டைத் தொடும் வயல் கண்டங்களில் எரிப்பது எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை முற்றாகத் தடை என்று எழுத வேண்டும். எரித்தேயாக வேண்டிய மானாவாரிக் காணிக்காரர் முதல் நாளே வட்டவிதானையிடம் சொல்ல வேண்டும், அவர் ஒரே நாளில் ஒரே பக்கத்தில் இரண்டு பேர் எரிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். காட்டு விளிம்பில் உழவு இயந்திரத்தால் இரண்டு மூன்று சால் அகலத்துக்கு உழுது மண் தெரிய விடுவது யார் பொறுப்பு, டீசலுக்கு யார் காசு என்றும் அங்கேயே பேசி முடிக்க வேண்டும். அந்த உழவை வைகாசிக்குள் முடித்துவிட வேண்டும். ஆடியில் போய் உழுதால் கலப்பை கல்லில் பட்ட பொறியே தீயைத் தொடக்கிவிடும்.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. காடு பற்றிய கட்டளைச் சட்டம் 1907இலிருந்தும், வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937இலிருந்தும் இருக்கின்றன. ஒதுக்குக் காட்டில் தீ வைப்பது குற்றம். ஆனால் ஆயிரக்கணக்கான ஏக்கருக்கு ஒரு சில உத்தியோகத்தர்கள், அவர்களிடம் ஒரு மோட்டார் சைக்கிள் என்றால் வழக்கு எப்படி வரும்? அயலவர் முகம் பார்த்து எடுத்த முடிவு பொலிஸ் வழக்கை விடப் பலமானது என்பது என் அபிப்பிராயம். வேண்டுமென்றே காணி பிடிப்பதற்காக எரிப்பவர்மீது மட்டும் அந்தச் சட்டத்தை முழுவதுமாகப் பாய்ச்சட்டும்.

எல்லைப் பிரச்சினை பெரியது. கிரான் பக்கத்தில் தொடங்கும் தீ பொலன்னறுவைக்குள் போகலாம், லகுகலவில் தொடங்குவது மொனராகலைக்குப் போகலாம். ஒரே மலையடிவாரத்தில் ஒரு துண்டு வன இலாகாவுக்கு, ஒரு துண்டு வனஜீவராசிகளுக்கு, இன்னொன்று மகாவலி அதிகார சபைக்கு, மிச்சம் பிரதேச செயலகத்துக்கு. தீ எரியும்போது 'அது நம்முடைய பகுதியா' என்று வரைபடம் பார்த்துக்கொண்டிருந்தால் காற்று காத்திருக்காது. ஒவ்வொரு காட்டுத் துண்டுக்கும் முதலில் போவது யார், அவர்களுக்குப் பின்னால் யார் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையொப்பமிட்டு வைத்தால் முக்கால்வாசிக் குழப்பம் தீரும். அம்பாறையில் இன்னொன்று: தீ பற்றிய எந்தக் குறுஞ்செய்தியும் வாட்ஸ்அப் குழுவும் தமிழிலும் சிங்களத்திலும் ஒரே நேரத்தில் போகவேண்டும். உகனையில் ஒருவர் சிங்களத்தில் எழுதிய எச்சரிக்கையை இறக்காமத்தில் மொழிபெயர்க்கும்வரை காத்திருக்கக் கூடாது.

தீயைக் கண்டுபிடிப்பதற்கு நாசாவின் ஃபர்ம்ஸ் (FIRMS) இணையத்தளம் இலவசமாகக் கிடைக்கிறது. 375 மீற்றர் துல்லியத்தில், செய்மதி கடந்து மூன்று மணித்தியாலத்துக்குள் வெப்பப் புள்ளிகளைக் காட்டும். ஆனால் அந்தச் செய்மதிகள் எங்கள் தலைக்கு மேலால் போவது ஏறக்குறைய பின்னேரம் ஒன்றரை மணிக்கும் இரவு ஒன்றரை மணிக்கும்தான். நாலு மணிக்கு வைத்து ஆறு மணிக்கு அணைந்த தீ அதில் விழாது. ஆகவே அதைக் காவலாளி என்று நினைக்க வேண்டாம், வருட முடிவில் எந்தப் பக்கம் திரும்பத் திரும்ப எரிகிறது என்று பார்க்க அது அருமையானது. காவலுக்கு யானைக்காவல் பரண்கள் ஏற்கெனவே இருக்கின்றன. அதில் இருப்பவர்களிடம் ஒரு தொலைபேசி இலக்கமும் கொஞ்சம் மீள்நிரப்புக் காசும் இருந்தால் போதும். கூடவே கிராம உத்தியோகத்தரிடம் ஒரு தீப்பதிவுக் கொப்பி: திகதி, நேரம், இடம், என்ன எரிந்தது, யார் அணைத்தது, தெரிந்தால் காரணம். இன்றைக்கு எங்கள் விவாதமெல்லாம் ஊகத்தில் நடக்கிறது.

அணைக்கப் போவோருக்கும் சில வார்த்தை. மாநகர சபைத் தீயணைப்பு வண்டி வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரை உட்பகுதிக்குள் நேரத்துக்கு வராது. அங்கே கிடைப்பது உழவு இயந்திரம் இழுக்கும் தண்ணீர் பவுசரும், மருந்தடிக்கும் முதுகு டாங்கியும், மண்வெட்டியும், பச்சைக் குழையும். புல்தீக்கு இவை தாராளம், ஒழுங்காகப் பாவித்தால். எரிந்து கருகிய பக்கத்தில் காலை வைத்து, தீயின் பின்பக்கத்திலிருந்து இரண்டு விலாவையும் அடித்துக்கொண்டு முன்னேற வேண்டும். தீயின் முகத்துக்கு எதிரே போய் நிற்கவே கூடாது. கரையோரத்தில் காலைக் கச்சான் மேற்கிலிருந்து வீசும், பிற்பகலில் கடற்காற்று திரும்பினால் சற்றுமுன் விலாவாக இருந்தது முகமாகிவிடும். அப்படித் திரும்பக்கூடும் என்று ஒருவர் அணைக்காமல் காற்றையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். நைலோன் சேட்டுடன் யாரையும் விடாதீர்கள், அது தோலோடு உருகும்.

குடும்பிமலை, புல்லுமலைப் பக்கங்களில் சரிவு இருக்கிறது. சரிவு 10 பாகை கூடினால் மேல்நோக்கி ஓடும் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். தமிழ்நாட்டில் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் 2018 மார்ச் 11ஆம் திகதி மலையேறப் போனவர்களில் 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தது இப்படியான காய்ந்த புற்சரிவில்தான். இப்போது எங்கள் இளைஞர்களும் குடும்பிமலை ஏறிப் படம் எடுக்கப் போகிறார்கள். கச்சான் மாதங்களில் மலையேற்றத்தை நிறுத்திவைப்பதில் ஒரு நட்டமும் இல்லை. அணைந்த பிறகும் கொட்டுமரங்களும் பட்ட வேர்களும் உள்ளுக்குள் கனன்றுகொண்டிருக்கும். இரவு இரண்டு பேராவது காவல் இருக்காவிட்டால் விடிந்து கச்சான் எழும்பியதும் மறுபடியும் பிடிக்கும்.

ஹெலிகொப்டர் பற்றிக் கேட்பவர்களுக்கு: விமானப்படையின் பெல் 212 தண்ணீர்ப் பை கட்டிக்கொண்டு எல்ல (Ella) பகுதி போன்ற இடங்களின் மலைத்தீகளில் உதவியிருக்கிறது. அது தீயின் வேகத்தைத் தணிக்கும், அணைத்து முடிப்பது தரையில் நிற்கும் ஆட்கள். அவர்கள் இல்லாவிட்டால் ஊற்றிய தண்ணீர் ஆவியாகிப் போகும்.

கடைசியாக, எல்லா நெருப்பும் ஒன்றல்ல. பாலை, வீரை, முதிரை நிற்கும் எங்கள் உலர்காடு தீக்குப் பழகியதல்ல. ஒரு தடவை எரிந்த விளிம்பில் இலுக்கும் கினிப்புல்லும் ஏறும், அவை அடுத்த வருடம் இன்னும் வேகமாக எரியும், காடு வருடா வருடம் பின்வாங்கும். ஆகவே எரிந்த விளிம்பில் மரம் நடுவதற்கு முன் கினிப்புல்லை வெட்டி அகற்ற வேண்டும், இல்லாவிட்டால் நட்டது தீக்குத் தீனிதான். ஆனால் கல்லோயா தேசியப் பூங்காவும் அதைச் சுற்றிய நில்கலப் பக்கமும் வேறு. கடுக்காய், தான்றி, நெல்லி, வேங்கை ஐதாக நிற்கும் அந்தப் புல்வெளிக் காடு தடித்த பட்டையோடு தீயைக் கண்டு வளர்ந்தது. அங்கே தீயை முற்றாக நிறுத்தினால் புல் வருடக்கணக்காகச் சேர்ந்து, ஒருநாள் பெருந்தீயாகப் பிடிக்கும். ஈரம் முற்றாகப் போகாத காலத்தில் திட்டுத் திட்டாகச் சிறு தீ வைத்து எரிபொருளைக் குறைப்பதை வட அவுஸ்திரேலியாவில் ஆதிக்குடிகளின் அறிவோடு முறையாகச் செய்கிறார்கள். அதை இங்கே செய்வதென்றால் வனஜீவராசிகள் திணைக்களம், இரத்துகலை வேடுவ மக்களையும் கூட்டி வைத்து, முதலில் சிறு துண்டில் பரீட்சித்துப் பார்க்க வேண்டும். தனியாள் கையில் கொடுக்கும் வேலையல்ல அது.

தீயைக் கண்டால் அழைக்க: அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, தீயணைப்பு 110, வனஜீவராசிகள் 1992. காடு எரிகிறது என்று மட்டும் சொல்லி வைத்துவிடாதீர்கள். கிட்டிய குளம் அல்லது கோவிலின் பெயர், புல்லா மரமா எரிகிறது, காற்று எந்தப் பக்கம், உழவு இயந்திரம் எதுவரை வரும், முன்னால் வாடியோ பட்டியோ இருக்கிறதா என்ற ஐந்தையும் சொல்லுங்கள்.